ஒரு கண்ணை மூடினாலும் உலகம் தட்டையாகவில்லையே, ஏன்?

நிழலாட்டம்

இரண்டு கண் இருப்பதால்தான் ஆழம் தெரிகிறது என்று பள்ளியில் படித்தோம். இப்போது ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு அறையைச் சுற்றிப் பாருங்கள். சுவர் தள்ளித்தான் நிற்கிறது, மேசை கிட்டேதான் இருக்கிறது. எதுவும் காகிதத்தில் ஒட்டின மாதிரி ஆகிவிடவில்லை. ஒரு கண்ணைக் கட்டிக்கொண்டு மாடிப்படிகூட இறங்கிப் பார்த்தேன், தடுமாறவே இல்லை.

ஆனால் பேனாவுக்கு மூடி போடப் போனேன் பாருங்கள், அங்கேதான் வினை. கையை நன்றாக நீட்டி, மூடியைப் பக்கவாட்டிலிருந்து கொண்டுவந்தால், முனைக்கு முன்னாலேயே காற்றில் குத்துகிறேன். படியில் ஏமாறாத கண் பேனாவில் ஏன் ஏமாறுகிறது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வேதாளம்

ரெண்டாவது கண்ணு ஸ்பேர் நண்பா. கிட்னி ரெண்டு இருக்கிற மாதிரி. ஒண்ணு போனாலும் வண்டி ஓடும். ஆழம்கிறது மூளை அனுபவத்துல போடுற கணக்கு, அவ்வளவுதான். இதுக்குப் போய் பாடப்புத்தகத்தை நம்பிக்கிட்டு.

கோணமானி

ஸ்பேர் என்றால் முயலுக்கு இருப்பதுபோல் தலையின் இரு பக்கமும் வைத்திருக்கலாமே வேதாளம்? பின்னால் வருகிறவனும் தெரிவான். நமக்கு இரண்டும் முன்னால் இருக்கின்றன. பெரும்பாலும் ஒரே காட்சியையே இரண்டு தடவை பார்க்கிறோம். முதுகுப்பக்கப் பார்வையைக் கொடுத்து எதையோ வாங்கியிருக்கிறோம்.

நிழலாட்டத்தின் கேள்விக்குக் கணக்கிலேயே பதில் இருக்கிறது. பெரியவர்களுக்கு இரண்டு கண்மணிக்கும் நடுவே சராசரியாக 63 மில்லிமீட்டர். அந்த இடைவெளியால் இடக்கண்ணில் விழும் படமும் வலக்கண்ணில் விழும் படமும் கொஞ்சம் வேறுபடும். இரண்டு பொருள்கள் முன்பின்னாக இருந்தால், அவற்றுக்கு நடுவிலுள்ள கோணம் ஒவ்வொரு கண்ணுக்கும் ஒவ்வொரு விதமாகத் தெரியும். அந்த வித்தியாசம் ஏறக்குறைய, கண் இடைவெளியை ஆழ வேறுபாட்டால் பெருக்கித் தூரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது. வர்க்கம் என்பதைக் கவனியுங்கள். தூரம் இரண்டு மடங்கானால் வித்தியாசம் நாலில் ஒன்றாகிவிடும்.

நல்ல பார்வை உள்ளவர் 20 ஆர்க் செகண்ட் வித்தியாசத்தைப் பிடித்துவிடுவார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு டிகிரியை 3600 கூறாகப் போட்டால் ஒரு கூறுதான் ஒரு ஆர்க் செகண்ட். இந்தக் கண்ணுக்கு 1 மீட்டர் தூரத்தில் ஒன்றரை மில்லிமீட்டர் முன்பின் தெரியும். 10 மீட்டரில் 15 சென்டிமீட்டர் இருந்தால்தான் தெரியும். 100 மீட்டரில் 15 மீட்டர்! தூரத்து மலையில் எது முன்னால் எது பின்னால் என்று சொல்வதற்கு இரண்டாவது கண் தம்பிடிக்கும் உதவாது. கைக்கெட்டும் தூரத்தில் அதுதான் ராஜா. பேனா மூடி அந்த எல்லைக்குள் வருகிறது.

நிழலாட்டம்

படியும் ஒன்றரை மீட்டருக்குள்தானே இருக்கிறது? அது மட்டும் எப்படித் தெரிந்தது?

பனித்துளி

கண் பரிசோதனைதான் என் தொழில், அதனால் உள்ளே வருகிறேன். படி இறங்கும்போது உங்களுக்கு ஒன்றல்ல, ஏழெட்டுத் துப்பு ஒரே நேரத்தில் கிடைக்கிறது. மேல்படியின் விளிம்பு கீழ்ப்படியைக் கொஞ்சம் மறைக்கிறது. மறைப்பது முன்னால், மறைவது பின்னால். கீழே போகப் போகப் படிகள் சிறுத்துத் தெரிகின்றன, தரையின் சொரசொரப்பு நெருங்கிக் குறுகுகிறது, கைப்பிடிச் சுவரின் கோடுகள் ஒன்றை நோக்கி ஒன்று சாய்கின்றன. நிழல் இருக்கிறது. எல்லாப் படியும் ஒரே உயரம் என்பது காலுக்கே தெரியும்.

இதெல்லாவற்றையும்விடப் பெரியது, நீங்கள் நகர்கிறீர்கள். தலை ஓர் அங்குலம் அசைந்தால் கிட்டத்துப் பொருள் வேகமாக ஓடும், தூரத்துப் பொருள் மெதுவாக ஓடும். ஒரே கண்ணை இரண்டு இடத்தில் வைத்துப் பார்ப்பதற்கும், இரண்டு கண்ணை ஒரே நேரத்தில் வைத்துப் பார்ப்பதற்கும் அடிப்படை ஒன்றுதான். கண்ணைக் கட்டியதால் இரண்டாவது படம் போகவில்லை, அரை நொடி கழித்து வந்தது.

சோதிக்க வேண்டுமா? நாற்காலியில் உட்கார்ந்து தலையின் பின்பக்கத்தைச் சுவரில் அழுத்திக்கொள்ளுங்கள். ஒரு கண்ணை மூடுங்கள். பேனாவை நீங்கள் பிடிக்காதீர்கள், வேறொருவர் பிடிக்கட்டும். நீங்களே பிடித்தால் உங்கள் கை எங்கே இருக்கிறது என்பதைத் தசையும் மூட்டும் மூளைக்குச் சொல்லிக் கொடுத்துவிடும்.

நிழலாட்டம்

செய்தேன். தம்பி பேனாவைப் பிடித்தான். கேவலமாகத் தோற்றேன், அவன் சிரிப்பை இன்னும் நிறுத்தவில்லை. தலையைச் சுவரிலிருந்து எடுத்து லேசாக ஆட்டினதும் சட்டென்று சரியாகிவிட்டது. பேனா அங்கேயேதான் இருந்தது, ஆனால் இப்போதுதான் "அங்கே" என்று ஓர் இடம் அதற்கு வந்தது போல இருந்தது.

ஒற்றைச்சாளரம்

எனக்கு இடது கண் இல்லை. பெரியவனான பிறகு ஒரு விபத்தில் போனது. நீங்கள் எல்லாம் விளையாட்டாகக் கட்டிப் பார்ப்பதை நான் கட்டாயமாகச் செய்துகொண்டிருக்கிறேன், ஆகவே இரண்டு வார்த்தை.

ஆரம்பத்தில் தண்ணீர் ஊற்றினால் டம்ளருக்கு வெளியே போகும். யாராவது கை குலுக்க நீட்டினால் என் கை அவர் கைக்கு முன்னாலேயே மூடிக்கொள்ளும். போகப்போக உடம்பே தந்திரம் கற்றுக்கொண்டது. சொம்பின் வாயை டம்ளர் விளிம்பில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஊற்றுவேன். கை குலுக்கும்போது என் கையை நீட்டி அப்படியே வைத்துவிடுவேன், அவர் வந்து பிடித்துக்கொள்வார். தலையை லேசாக அசைத்துக்கொண்டே இருக்கிறேன் என்று வீட்டில் சொல்கிறார்கள், எனக்குத் தெரிவதில்லை.

"எல்லாம் தட்டையாத் தெரியுமா?" என்று கேட்காதவர் இல்லை. தெரியாது. எது முன்னால், எது பின்னால் என்பதில் குழப்பம் கிடையாது. போனது வேறொன்று. அடர்ந்த மரத்தைப் பார்த்தால் முன்னால் இலைக்கும் இலைக்கும் நடுவே வெற்றிடம் தெரியும், கையை விட்டுத் துழாவலாம் போல இருக்கும். இப்போது முன்கிளை, பின்கிளை என்று அறிவு சொல்கிறது, நடுவில் இருந்த அந்த வெற்றிடம்தான் இல்லை.

வேதாளத்துக்கு ஆதரவாகவும் ஒன்று சொல்லிவிடுகிறேன். வைலி போஸ்ட் என்ற விமானி 1926ல் எண்ணெய்க் கிணற்று வேலையில் இடது கண்ணை இழந்தவர். 1933ல் தன்னந்தனியாக விமானத்தில் உலகைச் சுற்றி வந்த முதல் ஆள் அவர்தான். விமானத்தைத் தரையிறக்கியதும் ஒரே கண்ணோடுதான்.

வேதாளம்

பாத்தீங்களா! அனுபவம்தான் எல்லாம்னு நான் சொன்னப்ப யாரும் கேக்கல. மூளைக்கு மரம்னா என்னன்னு தெரியும், டம்ளர்னா என்னன்னு தெரியும். பொருளை அடையாளம் கண்டுபிடிச்ச பிறகுதான் தூரம் வருது.

கோணமானி

அனுபவத்துக்குப் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கடைசி வரியில் நீங்கள் சொன்னதை ஒரு காலத்தில் நிறைய அறிஞர்களும் நம்பினார்கள். அதை உடைத்த கதை சுவையானது, கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

1838ல் சார்லஸ் வீட்ஸ்டன் ஸ்டீரியோஸ்கோப்பைப் பற்றி எழுதினார். முகத்துக்கு முன்னால் சாய்வாக முகம் பார்க்கும் கண்ணாடி இரண்டு, இடக்கண்ணுக்கு ஒரு படம், வலக்கண்ணுக்கு ஒரு படம். புகைப்படம் இன்னும் உலகத்துக்கு அறிவிக்கப்படாத காலம் என்பதால் எல்லாம் கையால் வரைந்தவை. அவர் பயன்படுத்தியவை பெரும்பாலும் வெறும் கோட்டுருவங்கள். நிழல் போடவில்லை, தீட்டவில்லை. தனித்தனியாகப் பார்த்தால் உப்புச்சப்பில்லாத கோடுகள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கட்டை ஒன்று காகிதத்தைவிட்டு எழும்பி நிற்கும். படங்களுக்கு நடுவிலுள்ள சிறு வித்தியாசம் ஒன்றே ஆழத்தைக் கொடுக்கப் போதும் என்று அங்கேதான் நிரூபணமானது.

அப்போதும் வேதாளத்தின் வாதத்துக்கு இடம் இருந்தது. கோட்டுருவம்கூட அடையாளம் தெரிகிற பொருள்தானே? 1960ல் பெல் ஆய்வுக்கூடத்தில் இருந்த பேலா யூலஸ் அந்த ஓட்டையையும் அடைத்தார். கணினியைக் கொண்டு கறுப்பும் வெள்ளையுமாகப் புள்ளிகளைக் கண்டபடி இறைத்து ஒரு படம். அதையே நகலெடுத்து, நடுவில் ஒரு சதுர அளவுக்குள் இருக்கும் புள்ளிகளை மட்டும் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்த்தி இன்னொரு படம். நகர்த்தியதால் விழுந்த இடைவெளியையும் கண்டபடி புள்ளிகளால் நிரப்பிவிட்டார். எந்தப் படத்தைத் தனியாக எடுத்தாலும் சதுரம் என்று ஒன்று கிடையவே கிடையாது, வெறும் இரைச்சல். இரண்டையும் கண்ணுக்கு ஒன்றாகப் பார்த்தால் நடுவில் ஒரு சதுரம் மிதக்கிறது. ஓரம் வெட்டினாற்போல் இருக்கும்.

இங்கே முதலில் எதை அடையாளம் காண்பது? அடையாளம் காண ஒன்றுமே இல்லை. ஆழம் முதலில் வந்தது, உருவம் அதிலிருந்து பிறந்தது.

வேதாளம்

சரி சரி. புள்ளிக்குப் புள்ளி ஜோடி சேர்க்கிற வேலையை யார் செய்றா? ஆயிரக்கணக்குல ஒரே மாதிரி புள்ளி இருக்கு, இந்தக் கண்ணுல இருக்கிற எது அந்தக் கண்ணுல இருக்கிற எதோட சேரும்னு எப்படித் தெரியுது?

பனித்துளி

வேதாளம் முதல் தடவையாகச் சரியான கேள்வி கேட்டிருக்கிறார் 🙂

கம்பி வழியாகப் போவோம். ஒவ்வொரு கண்ணிலிருந்தும் வரும் பார்வை நரம்பில், மூக்குப் பக்கத்து விழித்திரையிலிருந்து வரும் இழைகள் நடுவழியில் எதிர்ப்பக்கம் தாண்டிவிடும், காதுப் பக்கத்து இழைகள் தாண்டாது. இந்த ஏற்பாட்டால், உங்களுக்கு இடப்புறம் இருக்கும் காட்சி எந்தக் கண்ணில் விழுந்தாலும் வல மூளைக்கே போய்ச் சேரும். அடுத்த நிறுத்தம் தலாமஸ், மூளையின் நடுவே செய்திகளை வாங்கி அனுப்பும் இடம். அங்கே ஆறு அடுக்குகள். மூன்று இந்தக் கண்ணுக்கு, மூன்று அந்தக் கண்ணுக்கு. அதுவரைக்கும் தனித்தனி. பின்மண்டையில், மூளையின் மேலுறையில் இருக்கும் முதல்நிலைப் பார்வைப் புறணிக்கு வந்த பிறகுதான் இரண்டு கண்ணின் செய்தியும் ஒரே செல்லில் சந்திக்கிறது.

1967ல் பார்லோ, பிளேக்மோர், பெட்டிக்ரூ மூவரும் பூனையின் மூளையில் மின்முனை வைத்துப் பார்த்தார்கள். சில செல்கள் இரண்டு படத்துக்கும் நடுவே ஒரு குறிப்பிட்ட அளவு வித்தியாசம் இருந்தால் மட்டும் பலமாகத் துடித்தன. ஒரு செல்லுக்கு ஓர் அளவு, பக்கத்துச் செல்லுக்கு வேறு அளவு. ஆனால் ஜோடி சேர்ப்பது அங்கேயே முடிந்துவிடுவதில்லை. அந்தச் செல்கள் தப்பான ஜோடிக்கும் துடிக்கும். அவற்றைச் சலித்து எடுப்பது அதற்கு மேலே உள்ள பகுதிகளின் வேலை. பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் பெரும்பாலும் ஒரே பரப்பில்தான் இருக்கும் என்ற அனுமானம் அங்கே உதவுகிறது.

வளர்பிறை

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். அக்கா, இந்தச் செல்கள் குழந்தைக்குப் பிறக்கும்போதே இருக்குமா? என் மகளுக்கு 5 மாதம், கண் ஒன்று சில சமயம் உள்ளே போகிறது. "தானாகச் சரியாகிவிடும்" என்கிறார்கள் பெரியவர்கள்.

பனித்துளி

வளர்பிறை, முதலில் உங்கள் விஷயம். பிறந்த புதிதில் கண் அவ்வப்போது விலகுவது சகஜம், ஆனால் 4 மாதத்துக்குப் பிறகும் விலகினால் கண் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். இந்த வாரமே போய்விடுங்கள்மா. மூக்குப் பாலம் அகலமாக இருப்பதால் மாறுகண் போலத் தோன்றுவதும் உண்டு, அது பரவாயில்லை. எது என்று பார்த்துச் சொல்ல வேண்டியது மருத்துவர்.

ஏன் அவசரம் என்றால், இருகண் ஆழப்பார்வை ஏறக்குறைய 3 முதல் 5 மாதத்துக்குள் மலர்கிறது. இரண்டு கண்ணும் ஒரே இடத்தைப் பார்த்தால்தான் அந்தச் செல்களுக்கு இரட்டைத் தீனி கிடைக்கும். ஒரு கண் விலகியே இருந்தால் மூளை இரண்டு உருவம் தெரிவதைத் தாங்காமல் ஒரு கண்ணின் செய்தியை அமுக்கிவிடும். நாளடைவில் அதுதான் சோம்பேறிக் கண்.

பெரியவரானால் கதவு முழுக்க அடைபட்டுவிடுமா என்றால், அப்படியும் சொல்ல முடியவில்லை. சூசன் பேரி என்ற நரம்பியல் பேராசிரியருக்குச் சிறுவயதிலிருந்தே மாறுகண். அறுவை சிகிச்சைகளால் தோற்றம் சீரானாலும் இரண்டு கண்ணையும் சேர்த்துப் பார்க்கவில்லை. 48 வயதில் கண் பயிற்சி செய்து ஆழப்பார்வையைப் பெற்றார். அவர் அப்போது வியந்து சொன்னதும் ஒற்றைச்சாளரம் எழுதியதும் ஒன்றுதான்: பொருள்களுக்கு நடுவே உள்ள வெளி. ஆனால் அவரை உதாரணம் காட்டி யாரும் குழந்தையின் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். எல்லோருக்கும் அது வாய்ப்பதில்லை.

வேதாளம்

கண்ணாடி மேசையில குழந்தையை விட்டுப் பார்த்த பரிசோதனை ஒண்ணு உண்டே? பள்ளம் தெரிஞ்சதும் நின்னுடுமாமே. அப்போ ஆழமும் பயமும் பிறவியிலேயே வருதா?

பனித்துளி

1960ல் எலினார் கிப்சனும் ரிச்சர்ட் வாக்கும் செய்தது. கண்ணாடியின் ஒரு பாதியில் தரை ஒட்டினாற்போல் தெரியும், மறுபாதியில் ஆழத்தில் தெரியும்; அதுதான் "பள்ளம்". தவழும் குழந்தைகள் பெரும்பாலும் "பள்ளம்" பக்கம் போகவில்லை, அம்மா அங்கிருந்து கூப்பிட்டும். ஆனால் தவழும் வயது என்றாலே ஆறு மாதம் கடந்துவிட்டது. பிறவியா பழக்கமா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. பின்னால் 2 மாதக் குழந்தைகளை அந்தக் கண்ணாடிமேல் கிடத்தி இதயத்துடிப்பை அளந்தார்கள். பள்ளத்துப் பக்கம் துடிப்பு கூடவில்லை, குறைந்தது. பயந்தால் கூடும், கவனித்தால் குறையும். ஏதோ வேறு என்று தெரிகிறது, ஆனால் பயம் இல்லை. பயம் தவழ்ந்து பழகிய பிறகு வருகிறது.

காடைக்கூடு

மனிதர்களையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள், பூச்சிகளை யார் பேசுவது? கும்பிடுபூச்சிக்கும் இருகண் ஆழப்பார்வை உண்டு. நியூகாசில் பல்கலைக்கழகத்தில் ஜென்னி ரீட் குழுவினர் அதன் கண்மேல் தேன்மெழுகால் குட்டி வண்ணக் கண்ணாடி ஒட்டி, திரையில் படம் காட்டினார்கள். இரை கிட்டே மிதப்பதாகத் தோன்றினதும் கையை நீட்டி அடித்தது. ஆச்சரியம் என்னவென்றால் அது நம்மைப் போலப் படத்துக்குப் படம் ஒப்பிடுவதில்லை. எங்கே அசைவு இருக்கிறதோ அங்கே மட்டும் ஒப்பிடுகிறது. அசையாத இரை அதற்குத் தேவையும் இல்லை.

தாவும் சிலந்தி இன்னும் வேறு வழி. அதன் முன்கண்ணின் விழித்திரை பல அடுக்கு. ஓர் அடுக்கில் பச்சை ஒளி தெளிவாக விழும், இன்னோர் அடுக்கில் மங்கலாக விழும். எவ்வளவு மங்கல் என்பதை வைத்தே தூரம் கணிக்கிறது. 2012ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதைச் சிவப்பு ஒளியில் தாவவிட்டபோது, எட்டாமல் முன்னாலேயே விழுந்தது, பாவம்.

நிரலி

மங்கலைப் பற்றிச் சொன்னதும் என் பிழைப்பு ஞாபகம் வந்துவிட்டது. விஆர் (மெய்நிகர் காட்சி) கண்ணாடிக்கு நிரல் எழுதுகிறேன். அதை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரத்தில் தலைவலி என்பவர்களுக்குக் காரணம் இது: கிட்டத்துப் பொருளைப் பார்த்தால் இரண்டு கண்ணும் உள்நோக்கித் திரும்பும், அதே நேரம் கண்ணுக்குள் வில்லையும் அந்தத் தூரத்துக்குக் குவியும். இரண்டும் சேர்ந்தே பழகியவை. விஆரில் வண்ணத்துப்பூச்சி மூக்குக்கு முன்னால் பறக்கும், கண்கள் உள்ளே திரும்பும், ஆனால் ஒளி வருவதோ வில்லைகள் நிர்ணயித்த ஒரே தூரத்திலிருந்து. திரும்பினது ஒரு தூரத்துக்கு, குவிய வேண்டியது வேறொரு தூரத்துக்கு. அதனால் முக்கியமான எதையும் முகத்துக்கு ரொம்பக் கிட்டே வைக்கக்கூடாது என்பது எங்கள் முதல் விதி.

இன்னொன்று. நல்ல ஆழம் உள்ள ஒரு புகைப்படத்தை எடுங்கள், நீளமான சாலையோ தாழ்வாரமோ. ஒரு கண்ணை மூடி, மற்ற கண்ணுக்கு முன்னால் கையைக் குழல்போல் குவித்து, படத்தின் விளிம்பு தெரியாதபடி பாருங்கள். படம் உள்ளே வாங்கும். இரண்டு கண்ணால் பார்த்தபோது "இது தட்டையான தாள்" என்று உண்மையைப் போட்டுக்கொடுத்தது இரண்டாவது கண்தான். நிழலாட்டத்தின் கேள்விக்கு நேர் எதிர்ப்பக்கம் இது: ஒரு கண்ணை மூடினால் ஆழம் கூடவும் செய்யும்.

ஒற்றைச்சாளரம்

இப்போதுதான் புரிகிறது. கண் போன பிறகு புகைப்படங்கள் எனக்கு முன்னைவிட அழகாகத் தெரிகின்றன. மனப்பிராந்தி என்று நினைத்திருந்தேன்.

கோணமானி

நிரலி சொன்னதுதான் விஷயத்தின் மையம் என்று எனக்குப் படுகிறது. துப்புகள் ஒன்றுக்கொன்று சண்டை போடும்போது மூளை அந்தந்தச் சமயத்தில் நம்பகமானதற்கு அதிக எடை கொடுக்கிறது. முகமூடியின் உட்பக்கத்தைப் பாருங்கள். இரண்டு கண்ணாலும் பார்த்தாலும் கொஞ்சம் தள்ளி நின்றால் மூக்கு வெளியே புடைத்துத்தான் தெரியும், ஏனென்றால் குழிந்த முகத்தை நாம் கண்டதே இல்லை. இந்த இடத்தில் வேதாளம் சொன்ன அனுபவம் ஜெயிக்கிறது. மெதுவாகக் கிட்டே போங்கள், ஒரு கட்டத்தில் சட்டென்று குழிந்துவிடும். அங்கே 63 மில்லிமீட்டர் ஜெயிக்கிறது.

வி. எஸ். ராமச்சந்திரன் 1988ல் எழுதிய வட்டங்கள் சோதனையும் இப்படித்தான். மேல்பாதி வெளுத்த வட்டம் மேடாகத் தெரியும், கீழ்ப்பாதி வெளுத்தது குழியாகத் தெரியும். வெளிச்சம் மேலிருந்து வரும் என்று மூளை வைத்திருக்கும் கணக்கு. குனிந்து கால் இடுக்கு வழியாகப் பார்த்தால் மேடும் குழியும் இடம் மாறும். அதாவது "மேல்" என்பது வானம் இருக்கும் பக்கம் அல்ல, தலை இருக்கும் பக்கம்.

நிழலாட்டம்

தம்பிக்கு இன்றைக்கு நல்ல பொழுதுபோக்கு, நான் குனிந்ததைப் படம் எடுத்துவிட்டான். மாறுகிறது, உண்மைதான். வீட்டிலேயே செய்ய இன்னும் ஏதாவது இருக்கிறதா?

கோணமானி

ஒரு நூலில் சின்னக் குண்டு ஒன்றைக் கட்டி, இடம் வலமாக மட்டும் ஆடவிடுங்கள். கொஞ்சம் தள்ளி நின்று, வெயில் கண்ணாடியின் ஒரு வில்லையை வலக்கண்ணுக்கு மட்டும் பிடித்துக்கொண்டு, இரண்டு கண்ணையும் திறந்து பாருங்கள். நேர்கோட்டில் ஆடும் குண்டு வட்டமடிக்கும். இருட்டாகத் தெரியும் கண்ணிலிருந்து செய்தி சில மில்லி செகண்ட் தாமதமாக வருகிறது. அந்தக் கண்ணுக்குக் குண்டு கொஞ்சம் பின்தங்கின இடத்தில் இருக்கிறது. மூளைக்கு அது தாமதம் என்று தெரியாது, இடவித்தியாசம் என்று எடுத்துக்கொண்டு ஆழமாக்கிவிடுகிறது. 1922ல் இதை விளக்கி எழுதியவர் கார்ல் புல்ஃப்ரிக். அவருக்கு ஒரு கண்ணில் பார்வை கிடையாது. தன் பெயரைத் தாங்கி நிற்கும் காட்சியை அவரால் பார்க்கவே முடியாது.

வேதாளம்

அடப்பாவி, சுத்துது! மின்விசிறி காத்துல சுத்துதோன்னு அதையும் நிறுத்திப் பாத்துட்டேன். இடமிருந்து வலம் போறப்ப என் பக்கமா வருது, திரும்புறப்ப தள்ளிப் போகுது. கண்ணாடியை இடக்கண்ணுக்கு மாத்தினா அப்படியே திசை மாறிடுது.

பனித்துளி

அப்படித்தான் வர வேண்டும். ஒன்று மட்டும் கவனத்தில் வையுங்கள்: கண்ணாடி எதுவும் பிடிக்காமலே குண்டு வட்டமடிப்பதாக யாருக்காவது தெரிந்தால் கண் மருத்துவரைப் பாருங்கள். ஒரு கண்ணில் மட்டும் புரை விழுந்திருந்தாலோ, பார்வை நரம்பில் அழற்சி வந்து போயிருந்தாலோ அப்படித் தெரிவதுண்டு. ஒற்றை வில்லையை மாட்டிக்கொண்டு வண்டி ஓட்டிப் பார்க்கிற வேலை வேண்டாம், வேதாளம், உங்களைத்தான் சொல்கிறேன்.